லினக்ஸில் லேப்டாப் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால்: பேட்ச் போடலாமா?

வேளச்சேரியில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் மாணவர் கேட்ட கேள்வி இது. புது கேமிங் லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து உபுண்டுவும் போட்டிருக்கிறார். ஹெட்போனில் சத்தம் வருகிறது, ப்ளூடூத்திலும் வருகிறது. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் மூச்சே இல்லை. அதே லேப்டாப்பில் விண்டோஸுக்குப் போனால் கணீரென்று பாடுகிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டியதற்கு, ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார்களாம். நெட்டில் தேடியபோது யாரோ எழுதிய கெர்னல் பேட்ச் ஒன்று (லினக்ஸின் மையமான கெர்னலின் நிரலில் செய்யும் திருத்தம்) கண்ணில் பட்டிருக்கிறது. அது அதிகாரபூர்வமானது இல்லை. அதைப் போடலாமா, போட்டால் லேப்டாப்புக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்கிறார்.

முதலில் ஸ்பீக்கரை மாற்றாதீர்கள். விண்டோஸில் பாடுகிற ஸ்பீக்கரில் பழுது எதுவும் இல்லை. பேட்ச் போடலாம். ஆனால் உங்கள் லேப்டாப்பில் எந்த சிப் இருக்கிறது, அந்த பேட்ச் அதை என்ன செய்யச் சொல்கிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் போட வேண்டும். இந்தப் பிரச்சினையில் ஸ்பீக்கரை நிஜமாகவே எரித்துவிடும் வழிகளும் உண்டு, அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஹெட்போனில் வரும் சத்தம் ஸ்பீக்கரில் ஏன் வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். பழைய லேப்டாப்களில் ரியல்டெக் மாதிரி ஒரு கோடெக் சிப் (டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கான மின்சிக்னலாக மாற்றுவது) இருக்கும். ஹெட்போனையும் ஸ்பீக்கரையும் அதுவே நேரடியாக ஓட்டிவிடும். கடந்த சில வருடங்களாக, குறிப்பாக விலை அதிகமான மெல்லிய மாடல்களிலும் கேமிங் மாடல்களிலும், கோடெக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஸ்மார்ட் ஆம்ப் என்ற தனி சிப் உட்கார்ந்திருக்கிறது. சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஏஎஸ்2781, மேக்சிமின் மேக்ஸ்98390, அவினிக்கின் ஏடபிள்யூ88399 எல்லாம் இந்த வகைதான். இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும், சில மாடல்களில் நான்கு. ஹெட்போனுக்குப் போகும் ஒலி இந்த சிப்பைத் தொடுவதே இல்லை. அதனால்தான் அது தடையில்லாமல் கேட்கிறது.

இந்த ஆம்ப் மின்சாரம் வந்ததும் தானாக வேலை செய்யாது. ஐ2சி அல்லது எஸ்பிஐ என்ற சின்னக் கம்பி வழியாக யாராவது அதை எழுப்பி, எந்தச் சேனல், எவ்வளவு வோல்டேஜ், எந்த ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) என்று சொல்ல வேண்டும். விண்டோஸில் லேப்டாப் கம்பெனியின் டிரைவர் இதைச் செய்துவிடுகிறது. லினக்ஸில் கெர்னல்தான் செய்ய வேண்டும். அதற்கு இந்த மாடலில் ஆம்ப் எங்கே, எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் தேவை. பயாஸில் உள்ள ஏசிபிஐ அட்டவணையில் (லேப்டாப்பில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் பட்டியல்) அந்தத் தகவல் இருக்க வேண்டும். பல மாடல்களில் அது அரைகுறையாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. விண்டோஸ் டிரைவருக்குள்ளேயே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு அட்டவணையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கெர்னல் பேட்ச்கள் நிரப்புவது பெரும்பாலும் இந்த ஓட்டையைத்தான்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. விண்டோஸில் பாட்டு ஓடவிட்டு, ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்து நேராக உபுண்டுவுக்கு வாருங்கள். இப்போது ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, முழுவதும் அணைத்துவிட்டு வந்தால் வருவதில்லை என்றால், விண்டோஸ் எழுப்பிவிட்ட ஆம்ப் இன்னும் விழித்திருக்கிறது என்று அர்த்தம். ஆம்பை எழுப்பும் கட்டளைகள்தான் லினக்ஸில் விடுபட்டிருக்கின்றன என்பது அப்போதே உறுதியாகிவிடும். வராவிட்டாலும் பரவாயில்லை, ரீஸ்டார்ட்டிலேயே ஆம்ப் அணைந்துவிடும் மாடல்களும் உண்டு.

பேட்ச் பக்கம் போகும் முன் சின்ன விஷயங்களை முடித்துவிடுங்கள். சவுண்ட் செட்டிங்ஸில் டம்மி அவுட்புட் என்று மட்டும் தெரிந்தால் இது வேறு கதை. சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் என்ற தொகுப்பு இல்லாமலோ பழையதாகவோ இருக்கலாம், அதைப் புதுப்பியுங்கள். டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து எஃப்6 அழுத்தி நிஜமான கார்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கர், பாஸ் ஸ்பீக்கர் பட்டைகளில் எம்எம் என்று மியூட் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஹெட்போன் குழியையும் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களின் லேப்டாப்களில் உப்புக்காற்றில் ஜாக்கின் தொடுமுனை பச்சை பூத்து, ஹெட்போன் செருகாமலேயே செருகியிருப்பதாகக் காட்டும். அப்படிக் காட்டினால் ஸ்பீக்கர் தானாக மியூட் ஆகிவிடும். ஆனால் அது விண்டோஸிலும் தொல்லை கொடுக்கும், அதனால் உங்கள் விஷயத்தில் அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் சிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் வேறு யாருக்கோ எழுதிய பேட்ச்சைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் அல்லாடுகிறார்கள். பிராக் என்ற கோப்புறையில் ஏசவுண்ட், அதற்குள் கார்ட்0, அதற்குள் கோடெக்#0 என்று ஒரு கோப்பு இருக்கும். அதன் மேல்பகுதியிலேயே கோடெக்கின் பெயர் (ஏஎல்சி287, ஏஎல்சி298 மாதிரி) இருக்கும், கொஞ்சம் கீழே சப்சிஸ்டம் ஐடி இருக்கும். அது எட்டு இலக்க எண். முதல் நான்கு இலக்கம் கம்பெனி: 17ஏஏ என்றால் லெனோவோ, 1043 என்றால் ஆசுஸ், 103சி என்றால் எச்பி, 144டி என்றால் சாம்சங். அடுத்த நான்கும் உங்கள் மாடலைக் குறிக்கும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லா இடத்திலும் இதுதான் உங்கள் லேப்டாப்பின் பெயர். பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் இரண்டு லேப்டாப்பில் வேறு வேறு ஆம்ப் இருப்பது சாதாரணம்.

ஆம்ப் எது என்று தெரிய, சிஸ் கோப்புறையில் பஸ், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் டிவைசஸ் என்ற இடத்தைப் பாருங்கள். சிஎஸ்சி3551 என்று ஏதாவது இருந்தால் சிரஸ் லாஜிக். டிஐஏஎஸ்2781 என்று இருந்தால் டெக்சாஸ். எம்எக்ஸ்98390 என்றால் மேக்சிம். அடுத்து கெர்னல் லாகில் (பூட் ஆனதிலிருந்து கெர்னல் எழுதிவரும் குறிப்பில்) அந்தப் பெயரைத் தேடுங்கள். சிரஸ் ஆம்ப் சரியாக எழுந்திருந்தால் ஒரு வரி இப்படி இருக்கும்: சிஎஸ்35எல்41 பவுண்ட், எஸ்எஸ்ஐடி என்று உங்கள் சப்சிஸ்டம் எண், சிஎச் எல், எஃப்டபிள்யூ இஎன் 1. சிஎச் எல் என்றால் இடது சேனல், எஃப்டபிள்யூ இஎன் 1 என்றால் ஃபர்ம்வேர் இயங்க அனுமதி உண்டு. இதேபோல் சிஎச் ஆர் என்று இன்னொரு வரியும் வர வேண்டும். ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடும். பவுண்ட் என்பதற்குப் பதிலாக பிளாட்ஃபார்ம் நாட் சப்போர்ட்டட் என்று வந்தால், மேலே சொன்ன அட்டவணை ஓட்டைதான். டிரைவர் இருக்கிறது, சிப்பும் தெரிகிறது, நடுவில் வயரிங் விவரம் மட்டும் இல்லை.

சிப் தெரிந்ததும் உடனே பேட்ச்சைத் தேடாதீர்கள், கெர்னல் பதிப்பைப் பாருங்கள். சிஎஸ்35எல்41க்கான லேப்டாப் டிரைவர் 2022இல் வந்த 5.17 கெர்னலில் சேர்ந்தது. டிஏஎஸ்2781க்கானது 2023இல் வந்த 6.6இல் சேர்ந்தது. டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸில் இருப்பது 6.1, ஆகவே அதில் டெக்சாஸ் ஆம்ப் பேசாததில் ஆச்சரியம் இல்லை. உபுண்டு 24.04 வெளியானபோது இருந்தது 6.8. அதற்குப் பிறகு வந்த லேப்டாப்பை அந்தக் கெர்னலுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புதிய கெர்னலோடு வரும் ஃபெடோரா அல்லது ஆர்ச் லினக்ஸின் லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலேயே பென் டிரைவிலிருந்து ஓடுவது) பூட் செய்து பாருங்கள். புதிய கெர்னலில் சத்தம் வந்துவிட்டால் உங்களுக்குப் பேட்ச்சே வேண்டாம், புதிய கெர்னல் போதும். பேட்ச் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

அதிலும் வரவில்லை என்றால்தான் அதிகாரபூர்வமற்ற பேட்ச். அவற்றில் மூன்று வகை உண்டு, ஆபத்தும் வகைக்கு வகை மாறும்.

முதல் வகை ஒரே ஒரு வரி. ரியல்டெக் டிரைவருக்குள் சப்சிஸ்டம் எண்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. இந்த எண் வந்தால் இந்த மாற்றத்தைச் செய் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். உங்கள் லேப்டாப்பின் எண் அதில் இல்லை, ஆனால் போன வருட மாடலின் எண் இருக்கிறது என்றால், உங்களுடையதையும் சேர்க்கும் பேட்ச் அது. இதைக் கம்பைல் செய்யாமலேயே, அதாவது மூலநிரலிலிருந்து கெர்னலைத் திரும்பக் கட்டாமலேயே, சோதிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாட்ப்ரோப் கோப்பில் (மாட்யூல்களுக்கான ஆப்ஷன்களை எழுதும் இடம்), எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் என்ற மாட்யூலுக்கு (கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) மாடல் என்ற ஆப்ஷனில் அந்தப் பழைய மாடலின் சப்சிஸ்டம் எண்ணை, நடுவில் முக்காற்புள்ளி வைத்து, கொடுத்துவிட்டு ரீபூட் செய்தால் போதும், உங்கள் லேப்டாப்பை அந்த மாடலாகவே டிரைவர் நடத்தும். ஒரு எச்சரிக்கை: புதிய இன்டெல் லேப்டாப்களில் ஒலி சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் வழியாகப் போகும். அங்கே இந்த ஆப்ஷனை யாரும் படிப்பதில்லை. எஸ்என்டி-சாஃப்-இன்டெல்-எச்டிஏ-ஜெனரிக் என்ற மாட்யூலுக்கு (பழைய கெர்னல்களில் எஸ்என்டி-சாஃப்-இன்டெல்-எச்டிஏ-காமன்) எச்டிஏ_மாடல் என்ற பெயரில் கொடுக்க வேண்டும். ஆப்ஷன் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிட்டவர்களில் பலர் சிக்கியது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் வகை, கோடெக்குக்கு நேரடியாகக் கட்டளைகளை அனுப்புவது. எச்டிஏ வெர்ப் என்பார்கள். விண்டோஸை ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடவிட்டு, நிஜ சவுண்ட் சிப்பை அதனிடம் கொடுத்து, விண்டோஸ் டிரைவர் அனுப்பும் கட்டளைகளை ஒன்றுவிடாமல் பதிவு செய்து, அதையே லினக்ஸிலிருந்து அனுப்புகிறார்கள். சில லெனோவோ லீஜன் மாடல்களுக்கும் சாம்சங் கேலக்ஸி புக் மாடல்களுக்கும் இப்படித்தான் வழி பிறந்தது. அவை பின்னர் கெர்னலுக்குள்ளேயே போய்விட்டன. எந்தக் கம்பெனியும் ஆவணம் தராதபோது இப்படி ஒட்டுக்கேட்டு ஒரு ஸ்பீக்கரைப் பேசவைக்கிறவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. இந்தக் கட்டளைகள் வெறும் ஸ்கிரிப்டாகவும் கிடைக்கும், கெர்னலைத் தொட வேண்டாம். பூட் ஆகும்போது ஒரு முறையும், தூங்கி எழும்போது ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, ஆம்புக்கே முழு டிரைவர் எழுதும் பேட்ச். 2025இல் வந்த சில லெனோவோ லீஜன் மாடல்களில் உள்ள அவினிக் ஏடபிள்யூ88399 இதற்கு நல்ல உதாரணம். அந்த சிப்புக்கு கெர்னலில் டிரைவர் ஏற்கெனவே இருந்தது, ஆனால் வேறு வகைச் சாதனங்களுக்காக எழுதியது. லேப்டாப்பின் ரியல்டெக் கோடெக்கோடு அதைக் கோத்துவிடும் பகுதி இல்லை. பேட்ச் அந்தப் பகுதியைச் சேர்க்கிறது. கூடவே ஆம்புக்கான ஃபர்ம்வேர் கோப்பை விண்டோஸ் டிரைவரிலிருந்து எடுத்து லினக்ஸின் ஃபர்ம்வேர் கோப்புறையில் வைக்க வேண்டியிருக்கும். உங்களுடையது கேமிங் லேப்டாப் என்பதால் இந்த வகையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இனி ஆபத்து. ஸ்மார்ட் ஆம்பின் வேலை சத்தத்தைப் பெருக்குவது மட்டும் இல்லை. லேப்டாப்புக்குள் நகம் அளவு ஸ்பீக்கரிலிருந்து பெரிய சத்தம் எடுக்க, அதன் தாங்குசக்திக்கு மேலேயே சிறிது நேரம் ஓட்டுகிறார்கள். சிஎஸ்35எல்41 தனக்கு வரும் வோல்டேஜை 11 வோல்ட் வரை உயர்த்தித் தரும். ஸ்பீக்கர் எரியாமல் இருப்பது எப்படி என்றால், சுருளில் ஓடும் மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் ஆம்ப் அளந்துகொண்டே இருக்கிறது. அதிலிருந்து சுருள் எவ்வளவு சூடாகியிருக்கிறது, தகடு எவ்வளவு தூரம் அசைகிறது என்று கணக்கிட்டு, எல்லை தாண்டும் முன் சத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் கணக்கு முழுவதும் ஃபர்ம்வேர் கோப்பிலும் அதோடு வரும் டியூனிங் கோப்பிலும் இருக்கிறது. டியூனிங் அந்த மாடலின் ஸ்பீக்கருக்கென்றே ஆய்வகத்தில் அளந்து எழுதியது. சிரஸின் கோப்புப் பெயரைப் பாருங்கள்: நடுவில் எஸ்பிகே-ப்ராட் என்று இருக்கும், ஸ்பீக்கர் பாதுகாப்பு என்பதன் சுருக்கம், அதன் பின்னால் சப்சிஸ்டம் எண். என் லேப்டாப்புக்குக் கோப்பு இல்லை, பக்கத்து மாடலின் கோப்பைப் பெயர் மாற்றி வைத்தேன், வேலை செய்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேலை செய்யும்தான். ஆனால் வேறொரு ஸ்பீக்கரின் வெப்பக் கணக்கில் உங்கள் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் செய்யாதீர்கள். ஃபர்ம்வேர் இல்லாமல் சிரஸ் ஆம்ப் மெல்லிய சத்தம்தான் தரும். சரியான கோப்பு கிடைக்கும் வரை அந்த மெல்லிய சத்தத்தோடு இருங்கள்.

இதில் எவ்வளவு கவனம் தேவை என்பதை ஆப்பிள் மேக்புக்கில் லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி லினக்ஸ் குழு காட்டியிருக்கிறது. அவர்களிடம் டிரைவர் தயாராக இருந்தும் ஸ்பீக்கரை நீண்ட நாள் பூட்டியே வைத்திருந்தார்கள். வெப்பத்தைக் கணக்கிட்டுச் சத்தத்தைக் குறைக்கும் ஸ்பீக்கர்சேஃப்டிடி என்ற நிரலை எழுதி முடித்த பிறகு, 2023 இறுதியில்தான் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே திறந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கான கெர்னல் ஆப்ஷனின் பெயரிலேயே, தயவுசெய்து என் ஸ்பீக்கரை வெடிக்க வை என்று எழுதி வைத்திருந்தார்கள். தெரியாமல் யாரும் அதைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக.

ஆகவே பேட்ச்சைப் போடும் முன் அதைத் திறந்து படியுங்கள். சி மொழி முழுவதும் புரிய வேண்டியதில்லை. எந்தக் கோப்புகளைத் தொடுகிறது, உங்கள் சப்சிஸ்டம் எண் அதில் இருக்கிறதா, ஒலிக்குச் சம்பந்தமில்லாத எதையாவது மாற்றுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மூலநிரல் இல்லாமல் கம்பைல் செய்த மாட்யூலை மட்டும் தருகிறார்கள் என்றால் தொடவே வேண்டாம். ஒரே வரிக் கட்டளையை ரூட்டாக (நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு) ஓட்டு, எல்லாம் தானாக நடக்கும் என்றால், அந்த ஸ்கிரிப்டை இறக்கிப் படித்த பிறகு ஓட்டுங்கள். ஃபர்ம்வேரை உங்கள் மாடலுக்கான விண்டோஸ் டிரைவர் தொகுப்பை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கி, அதை விரித்து எடுங்கள். அதுதான் பாதுகாப்பு.

போடும் முறை: மாட்யூலாகக் கிடைத்தால் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போடுங்கள், கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அதுவே திரும்பக் கம்பைல் செய்துகொள்ளும். முழுக் கெர்னலையும் கம்பைல் செய்ய வேண்டியிருந்தால், முதலில் பேட்ச்சை டிரை ரன் முறையில் (எதையும் மாற்றாமல், ஒட்டுமா என்று மட்டும் பார்ப்பது) ஓட்டிப் பாருங்கள். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: 2025 செப்டம்பரில் வந்த 6.17இல் இந்த ஒலி டிரைவர் கோப்புகளை இடம் மாற்றி, ஒரே பெரிய கோப்பாக இருந்த ரியல்டெக் டிரைவரைப் பல துண்டாகப் பிரித்துவிட்டார்கள். அதற்கு முன் எழுதிய பேட்ச் புதிய கெர்னலில் ஒட்டாது. ஒட்டாததை வலுக்கட்டாயமாகத் திருத்திப் போடாமல், பேட்ச் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டதோ அதையே எடுங்கள். கம்பைல் செய்யும்போது லோக்கல்மாட்கான்ஃபிக் பயன்படுத்தினால் உங்கள் லேப்டாப்பில் ஓடும் மாட்யூல்கள் மட்டும் கட்டப்படும், நேரம் வெகுவாகக் குறையும். ஓட்டும் முன் வெப்கேம், பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒரு முறை செருகி எழுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் மாட்யூல் விடுபட்டுவிடும். சென்னை மே மாத மத்தியானத்தில் ஃபேன் அடியில் கட்டுவதைவிட ராத்திரியில் கட்டுவது நல்லது, எல்லா கோரும் முழு வேகத்தில் ஓடும் வேலை இது.

பழைய கெர்னலை அழிக்காதீர்கள். பூட் ஆகும்போது வரும் க்ரப் பட்டியலில் அது இருக்கும் வரை எது தவறினாலும் திரும்பி வந்துவிடலாம். செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத நிரலை ஏறவிடாத பயாஸ் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் மாட்யூலை கீ ரிஜெக்டட் என்று கெர்னல் தள்ளிவிடும். மாட்யூலில் கையொப்பமிட எம்ஓகே என்ற சொந்தச் சாவி உருவாக்கி, அதைப் பதிவு செய்து, ரீபூட் ஆகும்போது வரும் நீலத் திரையில் என்ரோல் கொடுத்துக் கடவுச்சொல்லை இட வேண்டும். அந்தத் திரை சில விநாடிதான் காத்திருக்கும், தவறவிட்டால் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று எழுதியிருப்பார்கள், உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) இருந்தால் அப்போது மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லாமல் பயாஸில் எதையும் மாற்றாதீர்கள்.

முதல் முறை சத்தம் வரும்போது வால்யூமைப் பத்துச் சதவீதத்தில் வைத்து, பேச்சு உள்ள ஒரு ஒலிப்பதிவைப் போடுங்கள். கரகரப்பு, படபடப்பு ஏதாவது கேட்டால் உடனே நிறுத்துங்கள். இடது வலது சரியா, பாஸ் ஸ்பீக்கரும் பாடுகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பை மூடி, தூங்கவைத்து, எழுப்பி மறுபடி பாருங்கள். இந்த பேட்ச்களில் பாதி சறுக்குவது அங்கேதான். எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸ் அளவுக்குக் கனம் இல்லை என்றால் அது பழுது அல்ல. விண்டோஸில் டால்பி போன்ற மென்பொருள் மேலே ஒரு ஈக்வலைசர் போடுகிறது. லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற ஈக்வலைசர் நிரலில் கொஞ்சம் பாஸ் ஏற்றினால் இடைவெளி குறையும். நிறைய ஏற்றாதீர்கள்.

வேலை செய்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். லேப்டாப்பின் ஒலி விவரங்களைத் திரட்டும் ஆல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்டை ஓட்டி வரும் அறிக்கையையும், இந்தச் சப்சிஸ்டம் எண்ணில் சோதித்தேன், வேலை செய்கிறது என்ற தகவலையும் பேட்ச் எழுதியவருக்கு அனுப்புங்கள். உங்களுடையது அந்த ஒரு வரிப் பேட்ச் வகை என்றால் நீங்களே லினக்ஸ்-சவுண்ட் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பலாம். கெர்னலின் ஒலிப் பகுதியைப் பராமரிக்கும் டகாஷி இவாய் இப்படிப்பட்ட ஒரு வரி பேட்ச்களை வருடக்கணக்காக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். சேர்ந்த பிறகு அது ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் போகும், உபுண்டு அப்டேட்டிலேயே வந்துவிடும். மெயில் அனுப்பும் முறை புதிதாக இருந்தால், சென்னையிலேயே லினக்ஸ் பயனர் குழு பல வருடமாக இயங்குகிறது, அங்கே கேட்டால் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள்.

உங்கள் கெர்னலிலேயே ஆதரவு வந்த நாளில் டிகேஎம்எஸ் மாட்யூலையும், மாட்ப்ரோப் கோப்பில் எழுதிய ஆப்ஷனையும், பூட்டில் ஓடும் ஸ்கிரிப்டையும் எடுத்துவிடுங்கள். டிகேஎம்எஸ் மாட்யூல் கெர்னலில் உள்ளதை முந்திக்கொண்டு ஏறிவிடும். பிறகு வரும் திருத்தங்கள் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது, மறுபடி சத்தம் போனால் காரணமும் தெரியாது. ஃபர்ம்வேர் கோப்பை உங்கள் கையால் வைத்திருந்தால், லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பில் அதே பெயரில் அதிகாரபூர்வக் கோப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் உங்களுடையதை அழித்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.